ஜிஐஎஸ் படிக்கப் பணம் கட்டும் முன் செய்யும் தவறுகள்

"க்யூஜிஐஎஸ் படிக்கலாமா, ஆர்க்ஜிஐஎஸ் படிக்கலாமா?" ஜிஐஎஸ், அதாவது இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் துறைக்கு வர நினைப்பவர்கள், அதற்கான இந்த இரண்டு மென்பொருள்களைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தவறும் இங்கேதான் தொடங்குகிறது. ஒன்றில் கை பழகியவர் இன்னொன்றுக்கு மாறுவது பெரிய வித்தை இல்லை. பாதி வேலை மெனு எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான். வரைபடத்துக்கு அடியில் ஓடும் கணக்கு பிடிபடாதவருக்கு எந்த மென்பொருளிலும் திண்டாட்டம்தான்.

பள்ளிகளைச் சுற்றி 500 மீட்டருக்கு பஃபர், அதாவது சுற்றெல்லை வட்டம், போட வேண்டும் என்று வையுங்கள். பள்ளிகள் இருக்கும் லேயர் (தரவு அடுக்கு) ஈபிஎஸ்ஜி 4326 என்ற ஆயத்தொலைவு முறையில், அதாவது டிகிரிக் கணக்கில் இருக்கிறது. வீடியோவில் பார்த்தபடி 500 என்று அடித்தால், அதை 500 டிகிரி என்று எடுத்துக்கொண்டு உலகத்தையே விழுங்கும் வட்டம் வந்து நிற்கும். நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரியே சுமார் 111 கிலோமீட்டர்! இதாவது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ப்ராஜெக்ஷன் என்பது உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை; இணைய வரைபடங்களில் வழக்கமான வெப் மெர்கேட்டர் ப்ராஜெக்ஷனில் அப்படியே பரப்பளவு அளந்தால், 60 டிகிரி அட்சரேகையில் விடை ஏறக்குறைய நான்கு மடங்காக வரும். படம் அழகாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் எழாது. ஆகவே சிலபஸை வாங்கி, ஆயத்தொலைவு முறைக்கும் ப்ராஜெக்ஷனுக்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரை மணி நேரம் என்றால் அந்தக் கோர்ஸ் வேண்டாம்.

பாடம் எந்தப் பதிப்பில் நடக்கிறது என்று கேட்காமல் சேர்வது இன்னொன்று. ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பழைய மென்பொருளான ஆர்க்மேப்புக்கான ஆதரவு 2026 மார்ச் 1-இல் முடியும் என்று அதைத் தயாரித்த எஸ்ரி நிறுவனமே அறிவித்தது. ஆனாலும் அதில் எடுத்த பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. க்யூஜிஐஎஸ்ஸும் 2018-இல் வந்த 3.0 பதிப்பில் பைதான் 3 நிரல்மொழிக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய பாடத்து ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் அப்படியே ஓடாது. கூடவே லைசென்ஸ். கோர்ஸ் முடிந்த மறுநாள் மாணவர் லைசென்ஸ் காலாவதியானால் எதில் பயிற்சி செய்வீர்கள்? க்யூஜிஐஎஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை, அது இலவசம்.

பட்டப்படிப்பா, குறுகிய பயிற்சியா என்பதில் என் கருத்து இது: சிவில், வனம், பொதுச் சுகாதாரம் போன்ற ஒரு துறையில் ஏற்கெனவே வேலை பார்ப்பவருக்குச் சில மாதப் பயிற்சியே போதும். ஆராய்ச்சிக்கோ செயற்கைக்கோள் படப் பகுப்பாய்வுக்கோ போக நினைப்பவர் பட்டப்படிப்பை யோசிக்கலாம்.

சுத்தம் செய்து தந்த தரவில் மட்டும் பழகுவதும் ஆபத்து. வேலையில் ஒருவர் ஷேப்ஃபைல் (பல கோப்புகள் சேர்ந்த ஒரு வரைபடத் தரவு வடிவம்) என்று ஒரே ஒரு எஸ்ஹெச்பி கோப்பை அனுப்புவார்; கூட வரவேண்டிய டிபிஎஃப், எஸ்ஹெச்எக்ஸ் கோப்புகள் இரண்டும் இருக்காது. பத்து எழுத்துக்கு மேல் போன புலப்பெயர்கள் (தரவு அட்டவணையின் தலைப்புகள்) வெட்டுப்பட்டு, எது எதுவென்று புரியாமல் கிடக்கும். சேரும் முன், பழைய மாணவர்கள் கடைசியாகச் செய்த வரைபடங்களைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேரும் ஒரே இடத்தை ஒரே நிறத்தில் வரைந்திருந்தால், ஆசிரியர் கொடுத்த கோப்பில் ஆசிரியர் சொன்ன பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.