ஒரே மாஷ்ல ரெண்டு பீர்: முதல் முறை ட்ரை பண்றவங்களுக்கு

ஒரு தடவை மால்ட்ட (முளைகட்டி காயவச்ச பார்லி) சுடுதண்ணில ஊறவச்சு, அதாவது மாஷ் பண்ணி, சாறு இறக்குனதும் சக்கைய தூக்கி கொட்டிடுறோம்ல, அதுல இன்னும் நல்லாவே சர்க்கரை மிச்சம் இருக்கும். அதே சக்கைல மறுபடி சுடுதண்ணி ஊத்தி இறக்குனா இன்னொரு லைட்டான பீர் கிடைக்கும். இதுக்கு பார்ட்டிகைல்னு பேரு, இங்கிலாந்துல ரொம்ப பழைய முறை, லண்டன்ல ஃபுல்லர்ஸ் ப்ரூவரி இந்த முறைக்கு பேர்போனது. வீட்டுல பீர் போட உங்க ஊர் சட்டம் விடுதான்னு மட்டும் முதல்ல பாத்துக்கோங்க.

தேவையானது: பொடிச்ச பேல் மால்ட் 5 கிலோ, நிறமும் கனமும் தர்ற கிரிஸ்டல் மால்ட் 250 கிராம் (இத தனியா வைங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்), சுமார் 5% ஆல்ஃபா ஆசிட் (கசப்பு தர்ற பொருள்) உள்ள ஹாப்ஸ் பூ ஒரு 70 கிராம், 11.5 கிராம் ட்ரை ஏல் ஈஸ்ட் ரெண்டு பாக்கெட், ரெண்டு ஃபெர்மென்டர் (ஈஸ்ட் போட்டு நொதிக்க வைக்கிற பாத்திரம்), தெர்மாமீட்டர், சாறோட அடர்த்திய அளக்குற ஹைட்ரோமீட்டர். ஹைட்ரோமீட்டர் இல்லாம இத ஆரம்பிக்காதீங்க, எந்த சாறு எவ்ளோ ஸ்ட்ராங்னு தெரியாம பண்ணா ரெண்டாவது பீர் வெறும் தண்ணியா போயிடும்.

முதல்ல மாஷ். 16 லிட்டர் தண்ணிய 72 டிகிரிக்கு சுட வச்சு பேல் மால்ட்ட கொட்டி கட்டி இல்லாம கிளறுங்க, சூடு 66க்கு வந்து நிக்கணும். மூடி போட்டு போர்வை சுத்தி ஒரு மணி நேரம் விடுங்க. மாஷ் பாத்திரத்தோட அடிக்குழாய தொறந்ததும் வர்ற முதல் ரெண்டு லிட்டர் கலங்கலா இருக்கும், அத திரும்ப மேலயே ஊத்திட்டு தெளிவா வந்ததும் பாத்திரத்துல பிடிங்க. மால்ட் கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணிய குடிச்சிடும், அதனால கைக்கு வர்றது பத்து பத்தரை லிட்டர்தான், ஆனா கிராவிட்டி (ஹைட்ரோமீட்டர் காட்டுற அடர்த்தி, வெறும் தண்ணி 1.000) 1.070க்கு மேல இருக்கும். இது ஸ்ட்ராங் பீருக்கு.

இப்ப அந்த கிரிஸ்டல் மால்ட்ட சக்கை மேல போட்டு, 76 டிகிரி தண்ணி 11 லிட்டர் ஊத்தி, நல்லா கிளறி 20 நிமிஷம் விட்டு இறக்குங்க. பலபேர் இந்த மால்ட்ட சேக்காம விட்டுடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ரெண்டாவது சாறுல நிறமும் கம்மி, வாய்ல நிக்கிற கனமும் கம்மி, கிரிஸ்டல் போட்டாதான் அது தனி பீரா நிக்கும், இல்லன்னா கழுவுன தண்ணி மாதிரி ஒரு சப்புன்னு இருக்கும். தண்ணி 80 டிகிரி தாண்ட விடாதீங்க, உமில இருந்து துவர்ப்பு இறங்கிடும்.

கொதிக்க வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சாறையும் கொஞ்சம் எடுத்து 20 டிகிரிக்கு ஆறவச்சு அளந்து பாருங்க, சூடா இருக்கறப்போ பாத்தா ரீடிங் கம்மியா காட்டி ஏமாத்தும். ரெண்டாவது 1.030க்கு கீழ இருந்தா முதல் சாறுல இருந்து ஒரு லிட்டர் எடுத்து அதுல கலந்துடுங்க, அந்த வசதிதான் இந்த முறையோட பெரிய பிளஸ்.

ரெண்டையும் தனித்தனியா ஒரு மணி நேரம் மூடாம கொதிக்க விடணும். ஒரே அடுப்புதான்னா ரெண்டாவது சாற 65 டிகிரிக்கு மேலயே வச்சிருங்க, ஆற விட்டா புளிச்சிடும். கொதி வந்ததும் ஸ்ட்ராங்க்கு 40 கிராம் ஹாப்ஸ், லைட்டுக்கு 12 கிராம் போதும். அடர்த்தியான சாறு கசப்ப அவ்ளோ சீக்கிரம் இழுக்காது, இனிப்பும் ஜாஸ்தி, அதான் இவ்ளோ வித்தியாசம். மிச்ச ஹாப்ஸ கடைசி அஞ்சு நிமிஷத்துல லைட் பீர்ல போடுங்க, வாசனை தூக்கலா இருக்கும். முடிவுல ஒவ்வொண்ணும் எட்டு எட்டரை லிட்டர், ஸ்ட்ராங் 1.088 பக்கம், லைட் 1.040 பக்கம் நிக்கும்.

வேகமா 20 டிகிரிக்கு குளிர வைங்க. இதுக்கப்புறம் தொடுற எல்லாமே சானிடைஸ் பண்ணிருக்கணும். ஃபெர்மென்டர்ல ஊத்தி நல்லா குலுக்கி, ஸ்ட்ராங்க்கு ஒரு முழு பாக்கெட் ஈஸ்ட், லைட்டுக்கு அரை பாக்கெட். ஸ்ட்ராங் ஃபெர்மென்டர்ல மேல நிறைய இடம் விடுங்க, நுரை ஏர்லாக் (கேஸ மட்டும் வெளிய விடுற அடைப்பு) வழியா வெளிய வரும். 18-20 டிகிரில ரெண்டு வாரம் விட்டு, மூணு நாள் இடைவெளில ரெண்டு ரீடிங் ஒரே மாதிரி வந்தாதான் பாட்டில்ல அடைக்கணும், அவசரப்பட்டா பாட்டில் வெடிக்கும். ஆரம்ப கிராவிட்டில இருந்து கடைசிய கழிச்சு 131.25ஆல பெருக்குனா ஆல்கஹால் சதவீதம்: 1.088ல இருந்து 1.022 வந்தா கிட்டத்தட்ட 8.7, 1.040ல இருந்து 1.010 வந்தா 3.9.

லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேத்து, பீருக்குன்னே உள்ள கெட்டியான பாட்டில்ல மூடுங்க. லைட் மூணு வாரத்துல ரெடி. ஸ்ட்ராங் ரெண்டு மூணு மாசம் கேக்கும், அதுல ஈஸ்ட் களைச்சு போயிருக்கும், மூணாவது வாரம் தொறந்து பாத்து கேஸ் இல்லன்னா பயந்து சர்க்கரை எதுவும் மறுபடி சேக்காதீங்க, கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்துல வச்சு இன்னும் ஒரு மாசம் விடுங்க.