ஓய்வு பெற்றோர் மன்றத்துக்குப் பேச்சாளரை அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் ஓய்வு பெற்றோர் மன்றங்களுக்குப் பேச்சாளர் பஞ்சம் கிடையாது. தீவில் தனியார் மருத்துவமனைகள் பல இருக்கின்றன. குளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருந்தாளர், பல் மருத்துவர், ஓய்வு பெற்ற பேராசிரியர் என்று யாரைக் கேட்டாலும் ஒரு சனிக்கிழமை காலையை மனமுவந்து ஒதுக்கித் தருகிறார்கள். ஆனாலும் பல கூட்டங்கள் வீணாகப் போகின்றன. உறுப்பினர்கள் பை நிறைய துண்டுப் பிரசுரங்களோடு வீடு திரும்புகிறார்கள். இன்று என்ன சொன்னார்கள் என்று பேரப்பிள்ளை கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. பேச்சாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் ஏற்பாட்டில்தான் கோளாறு.

அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள், துறைமுகத்தில் உழைத்தவர்கள், தோட்டத்துக் கிராணிமார், மருத்துவமனைத் தாதியர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கியில் கண்பதித்து மின்னணுப் பொருள்களைச் சேர்த்த பெண்கள். இவர்களை நோயாளிகளாகவோ வாடிக்கையாளர்களாகவோ மட்டும் நினைப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர். அவர்கள் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு வருகிறார்கள். அந்த ஆசைக்கு மரியாதை கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

விற்பனையை உரை என்று நம்பி மேடை ஏற்றுவது

இதுதான் மிகவும் கேடு விளைவிக்கும் தவறு. அழைக்காமலே தேடி வருகிற பேச்சாளரிடம் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கமான முறை இப்படி இருக்கும்: உரை இலவசம், காலைப் பசியாறலும் அவர்கள் செலவு, கூடவே இலவசப் பரிசோதனை. விரலில் ஒரு கருவியை மாட்டி, ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று இரண்டே நிமிடத்தில் ஒரு தாள் அச்சாகி வரும். அந்தத் தாளில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு குறை இருக்கும். பிறகு பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதச் சொல்லி ஒரு படிவம் சுற்றி வரும். அடுத்த வாரத்திலிருந்து அழைப்புகள் தொடங்கும். ஓய்வூதியத்திலும் சேமநிதியிலும் கை வைக்கும் பொருள்கள் அந்த அழைப்புகளின் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகின்றன.

தடுக்க வழி இருக்கிறது. நம் நாட்டில் முறைப்படி விற்கப்படும் ஒவ்வொரு மருந்துக்கும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் உண்டு. பாரம்பரிய மருந்துகளுக்கும் சத்து மாத்திரைகளுக்கும்கூட உண்டு. எண்களை அடுத்து வரும் எழுத்து, அது மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்தா, பாரம்பரிய மருந்தா, சத்துப் பொருளா என்பதைக் காட்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டினால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: பாரம்பரிய மருந்தைப் பதிவு செய்யும்போது பாதுகாப்பையும் தரத்தையும் பார்க்கிறார்கள். பதிவு எண் இருப்பதாலேயே அது நோயைக் குணப்படுத்தும் என்று பொருள் கொள்ளக் கூடாது.

1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்தும் என்று ஒரு பொருளை விளம்பரப்படுத்துவதை அது தடை செய்கிறது. ஆகவே “எங்கள் பொடியைச் சாப்பிட்டால் இன்சுலினை நிறுத்திவிடலாம்” என்று மேடையில் ஒருவர் சொன்னால், அவரை அங்கேயே நிறுத்துவது தலைவரின் கடமை. நாகரிகக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம் நம் மக்களுக்கு அதிகம். விருந்தாளியை இடைமறிப்பது சங்கடம்தான். ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஓர் அம்மா ஊசியை நிறுத்திவிட்டால் அந்தச் சங்கடத்துக்கு யார் பதில் சொல்வது?

மருத்துவரை அழைக்கும்போதும் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். முனைவர் பட்டம் பெற்றவரும் டாக்டர்தான். மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும், சிறப்பு மருத்துவர் என்றால் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. அழைப்புக் கடிதத்திலேயே மூன்று நிபந்தனைகளை எழுதிவிடுங்கள்: பொருள் விற்பனை இல்லை, உறுப்பினர்களின் தொலைபேசி எண் சேகரிப்பு இல்லை, தள்ளுபடிச் சீட்டு இல்லை. நல்ல பேச்சாளர் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

மாதா மாதம் நோயையே பேசுவது

ஜனவரியில் இனிப்புநீர் எனப்படும் நீரிழிவு, பிப்ரவரியில் இரத்தக் கொதிப்பு, மார்ச்சில் மூட்டுவலி, ஏப்ரலில் மறதி நோய். பல மன்றங்களின் ஆண்டு அட்டவணை இப்படித்தான் இருக்கிறது. நோயைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்நாட்டுப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இந்தியர்களிடையே விகிதம் மற்றவர்களைவிட அதிகம். ஆனால் மனிதர் எழுபது வயதில் தம் உடலை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அறிவியலையும் வரலாற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதே மருத்துவம் வேறு ஒளியில் தெரியும்.

எடுத்துக்காட்டாக, பெரிபெரி. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற நோய் இது. வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் கால் மரத்து, உடல் வீங்கி இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அந்த நோய் அவ்வளவாக அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, கோளாறு அரிசியில்தான் என்று வாதிட்டார். 1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் இதைச் சோதித்தார். ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசி, மற்றவர்களுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அந்த இருவரும் நோயோடுதான் காப்பகத்துக்கே வந்தவர்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுவதும் போவதில்லை என்ற விளக்கம் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது வைட்டமின் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை.

தோட்டத்து லயத்தில் பாட்டி ஆக்கிப்போட்ட புழுங்கல் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் நம் உறுப்பினர்கள். அந்தச் சோறு உலக மருத்துவ வரலாற்றில் இடம் பிடித்த கதையைக் கேட்டால் அவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் நெல் அவித்த அண்டாவைப் பற்றிச் சொல்வார். இன்னொருவர், ஒப்புதல் கேட்காமல் மனநோயாளிகள்மேல் இப்படிச் சோதனை நடத்தியது நியாயமா என்று கேட்பார். இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. அதற்குப் பேச்சாளர் நேரம் ஒதுக்க வேண்டும்.

பினாங்கிலேயே பொருள் கொட்டிக் கிடக்கிறது. 1879இல் இங்கே பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, 1910இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கை முகக்கவசத்தைக் கொண்டு எதிர்த்து நின்ற டாக்டர் வூ லியன் தே இந்த ஊர்க்காரர். 1960இல் இங்கேதான் மறைந்தார். கோவிட் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அவர் கதை அந்நியமாக இருக்காது. நம் நாட்டில் 1998இல் தொடங்கிய நிப்பா கிருமித் தொற்றை முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள்; மலாயா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில்தான் அது புதிய கிருமி என்று தெரிந்தது. அறிவியல் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்வதற்கு இதைவிட அருகில் எங்கே எடுத்துக்காட்டு கிடைக்கும்?

ஓர் எளிய செயல்முறை உரையும் உண்டு. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் பினாங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மண்டப வாசலில் ஒரு கம்பை நட்டால் அதன் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு அல்ல, மதியம் 1:20 வாக்கில்! ஏன்? நம் கடிகாரம் நம் தீர்க்கரேகைக்கு உரியது அல்ல. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அந்த மாற்றத்தோடு வேலைக்குப் போன தலைமுறை இது. இதற்கு வெளியிலிருந்து பேச்சாளர்கூட வேண்டாம். உறுப்பினர்களில் ஓய்வு பெற்ற ஓர் அறிவியல் ஆசிரியர் போதும்.

எண்ணைச் சொல்லி அலகைச் சொல்லாமல் விடுவது

தமிழ்நாட்டு மருத்துவர்களின் காணொளிகளை நம் உறுப்பினர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அதில் வெறும் வயிற்றில் சர்க்கரை 126 என்று வரும். நம் கிளினிக் அறிக்கையில் 7.0 என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இது தெரியாமல் 11 என்ற தம் அளவைப் பார்த்து, “நூறைக்கூடத் தாண்டவில்லையே” என்று நிம்மதியடைவது ஆபத்து.

கிரியாட்டினினில் தலைகீழ்க் குழப்பம். காணொளியில் 1.2 வரை பரவாயில்லை என்பார்கள்; கையில் இருக்கும் அறிக்கையில் 95 என்று இருக்கும். சிறுநீரகமே போய்விட்டது என்று தூக்கம் கெட்டுப்போகும். நம் ஆய்வுக்கூடங்கள் மைக்ரோமோலில் தருகின்றன, 88.4ஆல் வகுத்தால் 95 என்பது ஏறக்குறைய 1.1தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவிலும் கவனம் தேவை. பல நாடுகளில் 6.5 விழுக்காட்டை இனிப்புநீரின் எல்லையாக வைத்திருக்க, மலேசிய மருத்துவ வழிகாட்டி 6.3ஐ எல்லையாகக் கொள்கிறது. ஆகவே பேச்சாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: மலேசிய அளவுகள், மலேசிய அலகுகள், திரையில் இரண்டும் அருகருகே.

“இந்த மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்” என்ற பேச்சையும் அப்படியே விட வேண்டாம். நூறு பேரில் இருவருக்கு வரவிருந்தது ஒருவருக்குக் குறைந்தாலும் பாதிதான், நாற்பது பேருக்கு வரவிருந்தது இருபதாகக் குறைந்தாலும் பாதிதான். “எத்தனை பேரில் எத்தனை பேர்?” என்று கேட்கும் பழக்கத்தை உறுப்பினர்களுக்கு ஏற்படுத்திவிட்டால், பத்திரிகைச் செய்திகளையும் அவர்கள் வேறு கண்ணோடு படிப்பார்கள்.

மண்டபத்தைக் கவனிக்காமல் விடுவது

குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, படம் எடுத்தல். பத்து மணிக் கூட்டத்தில் மருத்துவர் மைக்கைப் பிடிக்கும்போது பதினொன்று ஆகிவிடுகிறது. மரபு வேண்டும், ஆனால் பதினைந்து நிமிடத்துக்குள் முடியட்டும். கூட்டத்துக்கு வருவதற்காகக் காலை நீர் மாத்திரையைத் தள்ளிப்போடும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இடையில் ஓர் இடைவேளையும், கழிப்பறைக்குப் பக்கத்தில் சில இருக்கைகளும் இருந்தால் அவர்கள் மாத்திரையைத் தவறவிட மாட்டார்கள்.

வயதாகும்போது காதில் முதலில் குறைவது மெல்லிய, சுருதி உயர்ந்த ஒலிகள். குரல் கேட்கும், சொல் தெளியாது. ஒலிபெருக்கியை அலறவிட்டால் சரியாகாது. மைக்கை வாயருகே பிடித்து நிதானமாகப் பேச வேண்டும், பேச்சாளர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், இரைச்சல் போடும் மின்விசிறியை நிறுத்த வேண்டும். திரையில் வெள்ளைப் பின்னணியில் பெரிய கறுப்பு எழுத்து. கருமையான பின்னணியில் கருநீலத்தில் எழுதினால் முதிய கண்களுக்குத் தெரியாது.

கேள்வி நேரத்தைக் கடைசி ஐந்து நிமிடமாக்குவது

அறுபது நிமிட உரைக்கு ஐந்து நிமிடக் கேள்வி என்பது கணக்கே அல்ல. முப்பது நிமிடம் உரை, முப்பது நிமிடம் கேள்வி என்று வையுங்கள். எழுந்து நின்று கேட்கத் தயங்கும் பெண்கள் நம் மன்றங்களில் அதிகம். முன்கூட்டியே ஒரு சிறு தாள் கொடுத்து, தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர் போடாமல் எழுதச் சொன்னால் நல்ல கேள்விகள் அந்தத் தாள்களிலிருந்துதான் வரும். சிறுநீர் அடக்க முடியாமை, மலச்சிக்கல், மனச்சோர்வு, துணையை இழந்த தனிமை ஆகியவற்றை யாரும் மைக்கில் கேட்க மாட்டார்கள்.

ஒருவர் தம் மருந்துப் பட்டியலை எடுத்து நீட்டி, இதைக் குறைக்கலாமா என்று கேட்டால், “உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்” என்று பேச்சாளர் சொல்ல அனுமதியுங்கள். பேச்சாளர் அங்கே நின்றபடியே மருந்தை மாற்றச் சொன்னால் தலைவர் குறுக்கிட வேண்டும். இலவசப் பரிசோதனை நடந்தால் யாருடைய அளவையும் உரக்கப் படிக்கக் கூடாது. “ஐயாவுக்கு 15, கூடிப்போச்சு!” என்று தாதி அன்போடு சொன்னாலும் அந்த ஐயா அடுத்த மாதம் வர மாட்டார்.

நேரம் போதாமல் மிஞ்சிய தாள்களை எறிந்துவிடாமல் பேச்சாளருக்கே அனுப்புங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு பதில் எழுதுகிறார்கள். அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில், கேட்டவர் யார் என்று ஆராயாமல், கேள்வியையும் பதிலையும் வாசித்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அன்று வர முடியாதவர்களுக்கும் ஒரு படி எடுத்து வையுங்கள்.