சின்னசாமியில் மேட்ச் பார்க்கப் போகிறீர்களா? காலையிலேயே அல்சூருக்கு வந்துவிடுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் பெங்களூரில்தான் வந்து இறங்குகிறார்கள். ஊருக்குப் போவதற்கு முன்னால் இரண்டு நாள் இங்கே தங்கி, வந்ததும் வந்தோம், பிள்ளைகளுக்கு ஒரு மேட்ச் காட்டிவிடலாம் என்று சின்னசாமி மைதானத்துக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஏழரை மணி மேட்சுக்கு ஆறரை மணிக்கு ஒயிட்ஃபீல்டில் கார் ஏறினால் எல்லாம் கெட்டுப்போகும். டொராண்டோவிலிருந்து வந்த என் அத்தை மகன் குடும்பம் அப்படித்தான் கிளம்பியது. டிரினிட்டி சர்க்கிளுக்கு வரவே எட்டு மணி. அங்கேயே இறங்கி நடந்து, கேட்டைத் தேடிக் கண்டுபிடித்து உட்கார்ந்தபோது பவர்பிளே, அதாவது முதல் ஆறு ஓவர், முடிந்திருந்தது. பத்து வயதுப் பையனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்கு மேட்ச் நாள் காலையிலேயே தொடங்கிவிடும். நீங்களும் அப்படியே தொடங்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மைதானத்தைச் சுற்றி மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் ஒரு முழு நாளுக்கான இடங்கள் இருக்கின்றன. அதில் பாதி, தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். 2025 ஜூன் 4-ஆம் தேதி, பெங்களூரு அணி முதல்முறையாக ஐபிஎல் கோப்பையை வென்ற மறுநாள், இந்த மைதானத்தின் வாசல்களில் கூட்ட நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு இங்கே நடக்க வேண்டிய சில போட்டிகள் வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. அந்த ஆண்டு மகளிர் உலகக் கோப்பையின் பெங்களூரு ஆட்டங்கள் நவி மும்பைக்கும் குவாஹாட்டிக்கும் போய்விட்டன. அதனால் விமான டிக்கெட் போடுவதற்கு முன்னாலும், மேட்சுக்கு முந்தைய வாரமும், ஆட்டம் சின்னசாமியில்தானா என்று பார்த்துவிடுங்கள். இந்தத் துயரத்தை வேறொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன், கீழே வருகிறது.

காலை: அல்சூர்

மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் ஹலசூரு என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. நாங்கள் அல்சூர் என்போம். மைதானத்தை ஒட்டிய கப்பன் பார்க் நிறுத்தத்திலிருந்து மூன்றாவது. ஏழு, ஏழரைக்கு வந்து இறங்குங்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், ஏப்ரல் மாதத்திலும் காலை நேரம் இதமாகவே இருக்கும்.

1809-இல் வெள்ளைக்காரர்கள் இங்கே கண்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்பு, அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் கொத்தனார்களும் சமையல்காரர்களும் வியாபாரிகளுமாகத் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் தெருக்களில் இன்றும் கேட்கிற தமிழ் அந்த வழியில் வந்ததுதான். கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்த இந்தத் தமிழ் உங்கள் காதுக்குப் புதிதாக இருக்கும். நின்று கேளுங்கள், பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.

முதலில் சோமேஸ்வரர் கோயில். பெங்களூரின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. கோபுரமும் தூண் மண்டபமும் விஜயநகர காலத்து வேலை. அங்கிருந்து அல்சூர் ஏரிப் பக்கம் போனால் திருவள்ளுவர் சிலை. இதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். 1991-இல் வைத்த சிலை திறக்க முடியாமல் 18 வருஷம் மூடியே நின்றது. பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்த மூடிய உருவத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். உள்ளே இருப்பது யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், முகம் மட்டும் தெரியாது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, எடியூரப்பா முதலமைச்சராக இருந்தபோது, கலைஞர் கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நான்கே நாளில், ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. மேட்ச் அன்று சென்னை மஞ்சளும் பெங்களூர் சிவப்பும் ஒரே ரயில் பெட்டியில் நெருக்கியடித்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு தேதிகளும் ஞாபகம் வரும்.

1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்வெட்டு பார்க்கும் ஆசை உள்ளவர்கள் அங்கிருந்து ஆட்டோ பிடித்து தொம்லூர் சொக்கநாதர் கோயிலுக்குப் போய்வரலாம். 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே சுவரிலேயே இருக்கிறது. தொம்லூரின் பழைய பெயர்களில் ஒன்று தேசிமாணிக்கப்பட்டணம். சுற்றிலும் ஐடி கம்பெனிகள் நிற்கிற இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

சாப்பாடு, காசு, பேச்சு

காலைச் சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டலைத் தேட வேண்டாம், ஏதாவது ஒரு தர்ஷினிக்குள் நுழையுங்கள். நின்றுகொண்டு சாப்பிடுகிற பெங்களூர்க் கடைகளுக்கு அதுதான் பெயர். சௌசௌபாத் கேளுங்கள். ஒரே தட்டில் ஒரு பக்கம் காராபாத், அதாவது காய் போட்ட உப்புமா, இன்னொரு பக்கம் கேசரிபாத், இரண்டும் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த உருண்டையாக வரும். கேசரியின் நெய் மெல்ல ஒழுகி காராபாத்தின் ஓரத்தைத் தொடும், அந்த இடத்தில் ஸ்பூனை வைத்து ஒரு வாய் எடுங்கள். சாம்பார் கொஞ்சம் இனிக்கும், இந்த ஊர்ப் பக்குவம் அப்படி. காபிக்கு 'பை டூ' என்றால் ஒன்றை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். பெரியவர்கள் இருந்தால் உட்கார நாற்காலி உள்ள கடையாகப் பாருங்கள்.

காசு விஷயத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். இளநீர்க்காரர் முதல் ஆட்டோ வரை போனிலேயே காசு அனுப்புகிற யுபிஐ தான். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் சிலவற்றின் போன் எண் வைத்திருப்பவர்கள் தங்கள் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் வாழ்கிற இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) யுபிஐ-யில் இணைத்துக்கொள்ளலாம். அதைக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கணக்கே இல்லாதவர்கள் நூறு ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேட்ச் டிக்கெட்டைப் பொறுத்தவரை, ஓடிபி வருவதற்கு இந்திய போன் எண் கேட்கும் இடங்கள் உண்டு, இங்கே இருக்கிற சொந்தக்காரர் மூலம் எடுப்பது சுலபம். கேட் பக்கம் நின்று கூவி விற்பவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். போலி டிக்கெட்டோடு ஸ்கேனர் முன்னால் நிற்கிற குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழ் போதும். இருந்தாலும் வாயைத் திறக்கும்போது முதல் வார்த்தை கன்னடமாக இருக்கட்டும். 'நமஸ்காரா', 'எஷ்டு' என்றால் எவ்வளவு, 'பேடா' என்றால் வேண்டாம், 'கேட் எல்லி' என்றால் கேட் எங்கே. இவ்வளவு பேசினாலே எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும், பாதிப் பேர் உடனே தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

மதியம்: மைதானத்தைச் சுற்றி

பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு எம்.ஜி. ரோடு நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். பக்கத்திலேயே சர்ச் ஸ்ட்ரீட். பிளாசம், புக்வார்ம் போன்ற புத்தகக் கடைகள் அங்கேதான், பழைய புத்தகமும் கிடைக்கும். 2009-இல் எம்.ஜி. ரோட்டிலிருந்து இடம் மாறிய இந்தியா காபி ஹவுஸும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் துணி எடுக்கிற ஆசை இருந்தால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கையில் பையோடு மைதானத்துக்குப் போக முடியாது.

வெயில் ஏறினால் கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்குள் புகுந்துவிடுங்கள். ரைட் சகோதரர்களின் விமானத்தை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளை வெளியே கூட்டி வருவதுதான் கஷ்டம். பக்கத்திலேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

அப்புறம் கப்பன் பார்க். 1870-இல் அமைத்த பூங்கா, மைதானத்துக்கு எதிரிலேயே. மூங்கில் புதர்களுக்குக் கீழே ஒரு துண்டை விரித்துப் படுத்தால் பயணக் களைப்பில் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் தூங்கலாம். தாத்தா பாட்டிகளுக்கு அந்தத் தூக்கம் அவசியம், ராத்திரி வீடு திரும்பப் பன்னிரண்டு ஆகும். உள்ளே சிவப்புக் கட்டடமாக நிற்கிற நூலகம், 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் பெயரில் உள்ளது. பூங்காவின் இன்னொரு ஓரத்தில் உயர்நீதிமன்றம், அதற்கு எதிரே விதான சௌதா. வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

நான்கு மணிக்கு மேல் மைதானத்தைச் சுற்றி நடைபாதைக் கடைகள் விரியும். ஜெர்சி, தொப்பி, ஊதல். கையில் மூன்று வண்ணக் குழைவோடு முகத்தில் கொடி வரையும் பையன்கள் வருவார்கள். வரைவதற்கு முன்னால் விலை பேசிவிடுங்கள். சென்னை ரசிகர்கள் மஞ்சள் சட்டையைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், எங்கள் வீட்டிலேயே பாதி மஞ்சள், பாதி சிவப்பு. 'ஈ சலா கப் நம்தே' (இந்தத் தடவை கோப்பை நமக்கே) என்று பக்கத்தில் கத்தினால் சிரித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரையோ மொழியையோ இழுத்துக் கேலி பேச வேண்டாம், ஆற்றுத் தண்ணீர்ப் பேச்சும் வேண்டாம்.

இந்த மைதானத்தின் கதைகளைச் சொல்ல இதுவே நேரம். வழக்கறிஞராக இருந்து கிரிக்கெட் வாரியத் தலைவரான எம். சின்னசாமியின் பெயர் இதற்கு. 1974 நவம்பரில் இங்கே நடந்த முதல் டெஸ்டில்தான் விவியன் ரிச்சர்ட்ஸும் கார்டன் கிரீனிட்ஜும் அறிமுகமானார்கள். 1987-இல் பந்து கன்னாபின்னாவென்று திரும்பிய பிட்சில் கவாஸ்கர் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 96 அடித்தும் பாகிஸ்தானிடம் 16 ரன்னில் தோற்றோம். 1996 உலகக் கோப்பைக் காலிறுதியில் அமீர் சொஹைலின் ஸ்டம்பை வெங்கடேஷ் பிரசாத் பறக்கவிட்டதும் இங்கேதான், 2013 ஐபிஎல்லில் கெயில் 175 அடித்ததும் இங்கேதான். பக்கத்துச் சந்திப்புக்கு அனில் கும்ப்ளே சர்க்கிள் என்றே பெயர்.

உள்ளே போவது

ஐந்தரைக்கு வரிசையில் நின்றுவிடுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கிற கேட் நம்பர் குவீன்ஸ் ரோட்டுப் பக்கமா, கப்பன் ரோட்டுப் பக்கமா, லிங்க் ரோட்டுப் பக்கமா என்று காலையிலேயே மேப்பில் பார்த்து வையுங்கள். தப்பான பக்கம் போய்ச் சேர்ந்தால் கூட்டத்துக்கு எதிராகப் பாதி மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும். கேட் எதிரே கூட்டம் முண்டினால் பிள்ளைகளோடு அதற்குள் போகவே போகாதீர்கள். விலகி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று, தளர்ந்த பிறகு போங்கள். அந்த ஜூன் மாதம் நடந்ததற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நான்கு ஓவர் போனால் போகட்டும்.

பவர்பேங்க், தண்ணீர் பாட்டில், குடை, லைட்டர், பெரிய பை, வெளிச்சாப்பாடு எதுவும் விட மாட்டார்கள். வாசலில் பாதுகாப்பாக வைத்துவிட்டுப் போக இடம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். போன், பர்ஸ், டிக்கெட், அடையாள அட்டை, இவ்வளவுதான். பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டு அதன் படத்தை போனில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோகிறவர்கள் மருந்துச் சீட்டையும் எடுத்துப்போங்கள். சிறு பிள்ளைகளின் உள்ளங்கையில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

சீக்கிரம் போனால் கிடைப்பது ஒன்று இருக்கிறது. ஆறு மணி வாக்கில் வீரர்கள் பயிற்சிக்கு இறங்குவார்கள். கேமரா இல்லாத, கமென்டரி இல்லாத அந்த அரைமணி நேரத்தில் பந்து கையில் விழுகிற சத்தம் ஸ்டாண்டு வரை கேட்கும். அடுத்த வருஷம் திரும்பி வந்த அத்தை மகன் பையன், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தான். டாஸ் போட்டதுகூட அவனுக்குத் தெரியாது.

ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் மாம்பழ மழை வரும். பயந்து கிளம்பிவிடாதீர்கள். புல்லுக்குக் கீழே தண்ணீரை உறிஞ்சி எடுக்கிற சப்ஏர் அமைப்பு 2017 முதல் இங்கே உண்டு, மழை விட்டதும் ஆட்டத்தைச் சீக்கிரமே தொடங்கிவிடுவார்கள்.

மேட்ச் முடிந்ததும் எழுந்து ஓடாமல் இருபது நிமிஷம் இருக்கையிலேயே உட்காருங்கள். போன் சிக்னல் கிடைக்காது, அதனால் பிரிந்துவிட்டால் சேர வேண்டிய இடத்தை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எம்.ஜி. ரோட்டில் இருக்கிற காந்தி சிலையைச் சொல்வோம். கப்பன் பார்க் நிறுத்தத்தில் கூட்டம் முட்டும், பத்து நிமிஷம் நடந்து எம்.ஜி. ரோடு நிறுத்தத்தில் ஏறுங்கள். மேட்ச் நாட்களில் கடைசி ரயில் நேரத்தைத் தள்ளிவைப்பது வழக்கம், எத்தனை மணி வரை என்று அன்றைக்குக் காலை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டை மாலையிலேயே எடுத்துவிட்டால் நடுராத்திரியில் வரிசையில் நிற்க வேண்டாம்.