பிராக் சார்லஸ் பிரிட்ஜ் போறீங்களா, அலாரம் வெச்சுக்கோங்க

செக் நாட்டுத் தலைநகர் பிராக் போறவங்க சார்லஸ் பிரிட்ஜை பகல் பதினோரு மணிக்கு மட்டும் பிளான் பண்ணாதீங்க, திருவிழா கூட்டம் மாதிரி இருக்கும், போட்டோல உங்க மூஞ்சிய தவிர மத்தவங்க மூஞ்சி எல்லாம் இருக்கும். விடியறதுக்கு ஒரு அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. நடந்து போறவங்களுக்கு மட்டும்தான் பாலம், டிக்கெட்டும் கிடையாது, ராத்திரி பகல் எப்ப வேணா போகலாம். மெட்ரோ ஏ லைன்ல ஸ்டாரோமிஎஸ்ட்ஸ்கா ஸ்டேஷன்ல இறங்குனா கொஞ்ச தூரம்தான் நடை.

1357ல நாலாம் சார்லஸ் ராஜா அடிக்கல் நாட்டுன பாலம், நீளம் 500 மீட்டருக்கு மேல, ரெண்டு பக்கமும் 30 சிலை. நிறைய சிலை இப்ப நகல்தான், ஒரிஜினல மழை வெயில்ல கெடக்கூடாதுன்னு மியூசியத்துல வெச்சுட்டாங்க. நேபோமுக் ஜான்ங்கற கிறிஸ்தவப் புனிதரோட சிலை (1683) இருக்கறதுலயே ரொம்பப் பழசுல ஒண்ணு, அதுக்குக் கீழ இருக்கற வெண்கலத் தகட்ட ஆளாளுக்குத் தொட்டுத் தொட்டு பளபளன்னு ஆயிடுச்சு, தொட்டா அதிர்ஷ்டமாம், நானும் தொட்டேன், பாப்போம்.

பாலத்தை முழுசா போட்டோ எடுக்கணும்னா அது மேல நிக்கக்கூடாதுல்ல, பக்கத்துல வடக்கால இருக்கற மானெஸ் பாலத்துக்குப் போங்க. பழைய நகரத்துப் பக்கம் இருக்கற கோபுரத்துல ஏறவும் செய்யலாம், அதுக்கு மட்டும் டிக்கெட் உண்டு. கூட்ட நேரத்துல போனா பர்ஸ முன் பாக்கெட்ல வெச்சுக்கோங்க, பிக்பாக்கெட் ஜாஸ்தி.