இன்சுலினோமா: முதலில் ரத்தம், பிறகுதான் ஸ்கேன்

விடியற்காலையில் உளறல், வியர்வை, கை நடுக்கம். இனிப்பாக ஏதாவது கொடுத்தால் சற்று நேரத்தில் தெளிவு வந்துவிடுகிறது. இது திரும்பத் திரும்ப நடந்தும், ரத்தச் சர்க்கரையைப் பார்க்காமலே வலிப்பு என்றோ மனநோய் என்றோ முடிவுகட்டுவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. கணையத்தில் தோன்றி, தேவையில்லாதபோதும் இன்சுலினைச் சுரந்து ரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும் இன்சுலினோமா கட்டி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 1 முதல் 4 பேருக்கே வருகிறது. அரிய நோய் என்பதால் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. குணமாகக்கூடிய ஒருவர் ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்குவதை ஏற்க முடியவில்லை.

சந்தேகம் வந்ததும் ஸ்கேனுக்கு ஓடுவது அடுத்த தவறு. பெரும்பாலான இன்சுலினோமாக்கள் 2 சென்டிமீட்டருக்கும் சிறியவை, சி.டி. ஸ்கேனில் தப்பிவிடலாம். ஸ்கேனில் தெரியும் வேறொரு கட்டி இதற்குத் தொடர்பே இல்லாததாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் ரத்தத்தில் நிரூபிக்க வேண்டும். மருத்துவமனைக் கண்காணிப்பில் அதிகபட்சம் 72 மணி நேரம் உண்ணாமல் இருக்கச் செய்வார்கள். அறிகுறிகளோடு சர்க்கரை 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் அந்த வேளையில் எடுத்த ரத்தத்தில் இன்சுலினும், உடல் இன்சுலினைத் தயாரிக்கும்போது கூடவே வெளிவரும் சி-பெப்டைடும் குறையாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குளுக்கோமீட்டர் குறைந்த அளவுகளில் துல்லியமற்றது. ஆய்வக அளவுதான் கணக்கு. இந்தப் பட்டினிச் சோதனையை வீட்டில் ஒருபோதும் முயலக் கூடாது.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் அச்சு அசலாக இதே முடிவைத் தரும். பெரியவர்களின் மாத்திரை டப்பாக்கள் கலந்துகிடக்கும் வீடுகளில் இது நடக்கக்கூடியதே. அந்த மருந்து ரத்தத்தில் இல்லை என்று உறுதி செய்யாமல் கத்தியை எடுக்கக் கூடாது.

கட்டி அகப்படவில்லை என்று குத்துமதிப்பாகக் கணையத்தின் பாதியை வெட்டுவது பழைய பழக்கம். இன்று சிறிய கட்டியையும் தேடிப் பிடிக்க எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்டும், இந்தக் கட்டியில் போய் ஒட்டும் மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் எக்ஸென்டின் பெட் ஸ்கேனும் இருக்கின்றன. சுமார் 90 சதவீதக் கட்டிகள் புற்றுநோய் அல்லாதவை. கட்டி கணையக் குழாயைத் தொடாமல் இருந்தால் அதை மட்டும் தோண்டி எடுத்தே குணப்படுத்தலாம். அதுவரை இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டையசாக்சைடு மருந்து உதவும். அதே நோக்கத்தில் போடப்படும் ஆக்ட்ரியோடைடு ஊசி சிலருக்குச் சர்க்கரையை மேலும் இறக்கிவிடும் என்பதால் முதல் ஊசியைக் கண்காணிப்பில்தான் போட வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது பாராதைராய்டு கோளாறு இருந்தாலோ, மென்-1 என்னும் பரம்பரை நோய்க்கான மரபணுப் பரிசோதனையை அறுவை சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள்.