இங்கிலாந்து கண்ட்ரி ஹவுஸ எப்படிப் பாக்கணும்? ஓல்டு ஜெயில் ரோட்டுல இருந்து ஆரம்பிங்க

புள்ளைங்க லண்டன்ல செட்டில் ஆகி நம்மள டிக்கெட் போட்டு கூப்பிட்டா ஒரு லீவு நாள்ல கண்டிப்பா ஏதாவது கண்ட்ரி ஹவுஸுக்கு, அதாவது கிராமப்புறத்துல பெரிய பணக்காரங்க கட்டின பழைய மாளிகைக்கு, கூட்டிட்டுப் போவாங்க, அங்க போயி வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு மட்டும் வந்துடாதீங்க.

மொதல்ல கேக்க வேண்டியது, இதக் கட்டின காசு எங்கிருந்து வந்துச்சு? வண்ணாரப்பேட்ட, ராயபுரம் ஆளுங்களுக்கு இது நல்லாவே புரியும். ஓல்டு ஜெயில் ரோட்டுல மாடிப் பூங்கா இருக்குல்ல, அது அந்தக்கால பிளாக் டவுன, அதாவது கோட்டைக்கு வெளிய நம்ம ஆளுங்க இருந்த ஊர, சுத்தி கட்டின மதிலோட மிச்சம். ஹைதர் அலி படை வந்து மிரட்டின பயத்துல 1769ல ஆரம்பிச்சாங்க, காண்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாப்புக்கு வட்டிக்கு விட்டே பெரிய ஆளானவர், அந்தக் கடனுக்கு ஈடா ஊர் ஊரா நிலவரிய எழுதி வாங்கினாங்க, அதாவது நெல்லு வெளைய வச்சவங்க குடுத்த காசு. அவர் இங்கிலாந்து திரும்பிப் போயி ஹார்ட்ஃபோர்ட்ஷயர்ல உட்ஹால் பார்க்க வாங்கினார், அத மொதல்ல கட்டினவர் சர் தாமஸ் ரம்போல்டு, அவரும் 1778ல இருந்து 1780 வரைக்கும் நம்ம மெட்ராஸ் கவர்னர்! இப்ப அது ஒரு ஸ்கூல். அந்த மதிலயும் இந்த மாளிகையயும் சேத்துப் பாக்காம ரெண்டுல எதுவும் முழுசாப் புரியாதுன்னு நான் நெனைக்கிறேன்.

அப்புறம் முகப்பு. கொஞ்சம் தள்ளி நின்னு நடுவுல ஒரு கோடு போட்ட மாதிரி பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே அச்சா, நடுவுல தூணும் மேல முக்கோணமும் இருந்தா பெரும்பாலும் 1700கள்ல கட்டினது, இத்தாலிக்காரர் பல்லாடியோ 1570ல போட்ட புஸ்தகத்தப் பாத்து வந்த பாணி. சுவர விட கண்ணாடி ஜாஸ்தியா இருந்தா அதுக்கும் முந்தி, 1590கள்ல கட்டின ஹார்ட்விக் ஹால் மாதிரி.

ஜன்னல் உயரத்த மாடி மாடியாப் பாருங்க. எது ரொம்ப உயரமோ அங்கதான் விருந்தாளிங்கள உக்கார வச்சாங்க, உச்சில குட்டியா இருந்தா பொதுவா வேலக்காரங்களும் பசங்களும் இருந்த எடம். அடச்ச ஜன்னல் இருந்தா உடனே ஜன்னல் வரின்னு சொல்லிடாதீங்க, அந்த வரி 1696ல இருந்து 1851 வரைக்கும் நெஜமாவே இருந்துச்சு, ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணு போல தெரியணும்னு மொதல்லயே பொய் ஜன்னல் வச்சுக் கட்டினதும் நெறைய.

டெர்பிஷயர்ல இருக்குற கெடில்ஸ்டன் ஹால்ங்கற மாளிகைக்குப் போனா அந்த வளைஞ்ச நடைபாதைங்கள விட்றாதீங்க, கிச்சன தள்ளி தனிக் கட்டடத்துல வச்சு அதால இணைச்சிருக்காங்க. கல்கத்தா கவர்மென்ட் ஹவுஸ், 1803ல முடிஞ்சது, இதப் பாத்துதான் கட்டினாங்க.

கடைசியா கட்டாயம் பின்பக்கம் போங்க. சில வீட்டுல முன்னாடி கல்லு, பின்னாடி செங்கல்லுன்னு இருக்கும், ஒட்டுப் போட்ட எடமெல்லாம் தெரியும், வேலக்காரங்க ஏறின குறுகல் படி, அவங்களக் கூப்பிட தொங்கவிட்ட மணி வரிசை எங்கன்னு கைடு கிட்ட கேளுங்க, நல்ல கைடா இருந்தா சந்தோஷமா கூட்டிட்டுப் போயி காட்டுவாங்க.