டேபிள் சா: தள்ளுகட்டையிலேயே தொடங்கும் தவறுகள்

டேபிள் சா என்பது மேசை நடுவே வட்ட ரம்பம் எழுந்து நிற்கும் அறுவை இயந்திரம். கையை ரம்பத்தருகே கொண்டுபோகாமல் பலகையைத் தள்ள உதவும் குச்சிதான் தள்ளுகட்டை. நான் முதன்முதலில் செய்த தள்ளுகட்டை தேக்குத் துண்டால் ஆனது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ரீப்பர் அறுக்கும்போது கழுத்தில் படக்கென்று முறிந்தது. முன்னே பாய்ந்த கை, ரம்பத்துக்கு நான்கு விரற்கடை தள்ளி நின்றது. முறிந்த இடத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது: கழுத்தில் மர நார் குறுக்காக ஓடியிருக்கிறது. குறுக்கு நாரில் தேக்கும் பிஸ்கட்டும் ஒன்றுதான். அன்றிலிருந்து 12 மி.மீ. பிளைவுட்டில்தான் வெட்டுகிறேன், அடுக்குக்கு அடுக்கு நார் திசை மாறுவதால் எளிதில் ஒடியாது. உறுதி வேண்டுமென்று இரும்புப் பட்டையில் செய்கிறவர்களும் உண்டு. பல் பட்டால் மரம் சிராய்ந்து போகும். இரும்போ பல்லையே பெயர்த்து வீசும்.

ஒரு சாண் குச்சி போதும் என்பது அடுத்த தவறு. ஒன்றரை அடிக்குக் குறைய வேண்டாம். பலகையின் கடைசி 300 மி.மீ. நகரும்போது கை அருகே வராமல் தள்ளுகட்டையால்தான் தள்ள வேண்டும் என்கிறது பிரிட்டன் அரசின் பணிப் பாதுகாப்பு அமைப்பு. தள்ளுகட்டையைச் சுவரில் மாட்டி வைத்தும் பயனில்லை. பாதி அறுப்பில் எட்டிப் பார்த்துத் தேடுவோம். சுவிட்சைத் தட்டும் முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மேசைமேல் ரம்பத்துக்கு இணையாக நிற்கும் பக்கச் சட்டத்தோடு பலகையை அணைத்துப் பிடிக்கும் சீப்புப் பலகையில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அதை ரம்பத்துக்கு நேர் பக்கத்தில் வைத்து இறுக்கினால், அறுபட்ட பிளவு மூடிக்கொண்டு பற்களைக் கவ்வும். 10 அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றும்போது பல் நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 190 கி.மீ. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. மரத்தைத் தூக்கி நம் வயிற்றைப் பார்த்து எறியும். ஆகவே சீப்பு எப்போதும் ரம்பத்துக்கு முன்னால், நாம் நிற்கும் பக்கமாக இருக்க வேண்டும். அதன் பற்கள் நாரின் போக்கிலேயே வெட்டப்பட வேண்டும். மரம் முன்னே இலகுவாகப் போய், பின்னே இழுத்தால் மறுத்தால் அழுத்தம் சரி.

பிளவு மூடாமல் காப்பது ரம்பத்தின் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு. காடி (பள்ளம்) எடுக்கக் கழற்றிவிட்டு, பிறகு மாட்ட மறப்பது வழக்கமான கதை. நம் பட்டறைகளில் கையடக்க ரம்பத்தைப் பலகைக்கு அடியில் கவிழ்த்துப் பொருத்திய மேசைகளில் பெரும்பாலும் அது கிடையாது. நாமே செய்து பொருத்தினால், தகடு ரம்பத்தின் உடலைவிடச் சற்றுத் தடிமனாகவும் பல் வெட்டும் தடத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். தடத்தைவிடத் தடித்தால் மரம் நடுவழியில் சிக்கும். அப்போது பலம் கொடுத்துத் தள்ளுவோம், அதுதான் ஆபத்து.

கையுறையும் தோள் துண்டும் வேண்டாம். இரண்டையும் ரம்பம் சுருட்டி இழுத்துவிடும்.

குறுக்கே அறுக்க உதவும் சறுக்குப் பலகையைச் செய்யும்போது, ரம்பம் போகும் தடத்தில் திருகாணி இறக்கிவிடாதீர்கள். நான் இறக்கியிருக்கிறேன், தீப்பொறி பறந்தது. அறுத்து முடிக்கையில் ரம்பம் சறுக்குப் பலகையில் நம் பக்கம் இருக்கும் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு, கட்டைவிரல் இருக்கும் இடத்திலேயே வெளிவரும். அங்கே ஒரு தடித்த மரக்கட்டையை ஒட்டிவிடுங்கள். என்னுடையதற்குச் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் அழகுக்கு என்று நினைக்கிறார்கள்.